உள்ளிருந்து திறக்காத கதவு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பெண்ணை மதிக்கத் தெரிந்த ஆண்மகன் ஒருவர் இந்தப் பூமியில் இன்னும் மிச்சமிருக்கிறார். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வசிக்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு இதை ஏகமனதாகத் தீர்மானித்து, தலைவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டது. ஆண்டு விழாவில் அவருக்குக் கேடயம் உண்டு. கேடயத்தில் பொறிக்க வேண்டிய பட்டத்துக்காகச் செயற்குழு இரண்டு தடவை கூடியது. 'ஈடு இணையற்ற இல்லறச் செம்மல்' என்றார் தலைவர். பொறிக்கிறவன் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறான் என்றார் பொருளாளர். ஈடும் இணையும் போய் வெறும் இல்லறச் செம்மல் மிஞ்சினார்.

அவர் செய்த சாதனை இதுதான். காரை நிறுத்துவார், இறங்குவார், முன்பக்கமாகச் சுற்றி வருவார். மனைவி உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இடுப்பு ஒடியாத அளவுக்குக் குனிந்து நிற்பார். அவள் இறங்குவாள். மழையோ வெயிலோ, இது தவறியதில்லை.

அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது செயற்குழுவுக்குத் தெரியாது.

குடியிருப்பில் அவருக்குக் கனவான் என்று பெயர் விழுந்துவிட்டது. ஓர் அரசு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தலைமை எழுத்தர். வந்த புகாரைப் படித்து, 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதி அனுப்புவது வேலை. பரிசீலிப்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. மனைவி ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வது அவள் வேலை. ஆகவே, காத்திருக்க வைக்கிற கலையில் இருவருமே கைதேர்ந்தவர்கள். ஒரே வித்தியாசம், காருக்குள் காத்திருந்தவள் அவள் மட்டும்.

காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை வாங்கியபோது மகள் மூன்றாம் வகுப்பு. இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அது ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் ஒரு கட்டத்தில் களைத்துப்போய் நின்றுவிட்டன. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். தொட்டி நிரம்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. முனிவர்களுக்கு வாய்க்காத சமநிலை. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அதனால் கனவான் வலது பக்கத் திருப்பங்களாகவே பொறுக்கிச் சேர்த்து ஊரைச் சுற்றுவார். கிளினிக் இருப்பது இடது பக்கம் திரும்பினால் அடுத்த தெரு. மூன்று வலது திருப்பம் போட்டு, மார்க்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்வார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி நான்கு கதவுக்குமாக ஒன்றுதான் பிழைத்திருந்தது. அது அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பின்கதவுகள் இரண்டும் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டன.

இந்தக் கார் மாப்பிள்ளைக்குச் செய்த சீர் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை கிளட்ச், ஒரு தடவை ரேடியேட்டர், இன்னொரு தடவை மறுபடியும் ரேடியேட்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுண்டைக்காயும் முக்கால் பணம். வண்டியை விற்றுவிடலாமே என்று மகள் போனில் சொன்னபோது, இப்போதுதானே ரேடியேட்டர் மாற்றினோம், அந்தக் காசு வீணாகாதா என்றார். அடுத்த தடவை கேட்டபோது, இப்போதுதானே கிளட்ச் மாற்றினோம் என்றார். காரை வைத்துக்கொள்வதற்கான காரணத்தைக் காரே அவ்வப்போது உடைந்து வழங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர். பானெட்டைத் திறந்ததும் பெருமூச்சு விட்டு, "கொண்டுவர வேண்டிய நேரத்துல கொண்டுவந்தீங்க" என்று சொல்லாமல் ஸ்பானரைத் தொட மாட்டார். என்ன கோளாறு என்று கேட்டால் வயசு என்பார். வயசுக்கு வைத்தியம் உண்டா என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார்.

கதவு கெட்டது ஒரு சாதாரண வியாழக்கிழமை. கிளினிக் வாசலில் இறங்குவதற்காக அவள் உள் லீவரை இழுத்தாள். லீவர் கையோடு வந்துவிட்டது. அவர் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்தார். வெளிப்பிடி நன்றாகவே வேலை செய்தது. அவள் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பட்டறையில் டாக்டர் பார்த்தார். இந்த மாடல் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று, பழைய சாமான் கடையில் சொல்லிவைக்கிறேன் என்றார். தவிர, கதவு திறக்காததால் எந்த வண்டியும் நின்றுபோனதில்லை என்றும் ஒரு சமாதானம் சொன்னார். கனவானுக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. வீட்டில் அவள் கேட்டபோதெல்லாம், "பரிசீலனையில இருக்கு" என்று பதில் சொன்னார். பழக்கதோஷம்.

இதற்கிடையில் ஊர் பார்க்க ஆரம்பித்தது. முதலில் பார்த்தவள் மூன்றாம் மாடிப் பெண். "அக்கா, நீங்க கொடுத்து வச்சவங்க" என்றாள். அன்றைக்கே அவள் வீட்டில் ரகளை. அவள் புருஷன் மறுநாள் தன் புதுக் காரைச் சுற்றி ஓடி வந்து கதவைத் திறக்கப்போய், உள்ளே இருந்து அவளும் அதே நேரத்தில் திறக்க, முழங்காலில் வாங்கிக்கொண்டு நொண்டினான். குடியிருப்பில் கணவன்மார் பலரும் இதேபோல் சோதிக்கப்பட்டார்கள், தேறியவர் குறைவு. கனவானை அவர்கள் பார்த்த பார்வையில் மரியாதையோடு கொஞ்சம் கொலைவெறியும் இருந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. மைக் இல்லாத இடத்தில்கூட மைக் இருப்பதுபோலவே பேசுவார். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய கூட்டத்தில், திடீரென்று கனவான் பக்கம் கையைக் காட்டி, சமுதாயம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டு, அது கார்க் கதவில் தொடங்குகிறது என்று தானே பதிலும் சொன்னார். தொட்டி அந்த மாதம் கழுவப்படவில்லை.

இப்படி ஒருவரைப் பத்துப் பேர் புகழ்ந்தால் என்ன ஆகும்? அலுவலகத்தில் யாரும் அவரிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. புகார்ப் பிரிவுக்கு யார் நன்றி எழுதுவார்கள்? கனவான் மெல்ல மெல்ல அந்தக் குனிவில் வளர்ந்தார். முன்பு அவசரமாகத் திறந்துவிட்டு நகர்ந்தவர், இப்போது ஒரு கணம் நின்றார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திறந்தார். யாரும் இல்லையென்றால், யாராவது வரும்வரை ரியர்வியூ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நேரம் முழுவதும் அவள் உள்ளே இருந்தாள்.

ஒருநாள் நடுப்பகலில், கடைத்தெருவில் பல்பு வாங்க என்று இறங்கிப்போனார். கடை வாசலில் தலைவர். சமுதாயம் பற்றி ஏதோ பேச்சு. ஏற்றிய கண்ணாடி, பையோடு போன கைப்பிடி, தலைக்கு மேலே வெயில். அவரது இருக்கைக்குத் தாவி அந்தப் பக்கம் இறங்கலாம். கியர், ஹேண்ட் பிரேக் இரண்டையும் தாண்ட வேண்டும். அவளுக்கு மூட்டு வலி. ஐம்பது வயதுப் பெண் நடுத்தெருவில் காருக்குள் குரங்கு மாதிரித் தாவினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் நினைத்தாள். கிளினிக்குக்கு வருகிற ஒருவர் அந்தப் பக்கமாகப் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்று, "சாருக்காக வெயிட்டிங்கா? இருங்க இருங்க, ராணி மாதிரி இருங்க" என்று சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பி இன்னொரு தடவை கையாட்டினார்.

கனவான் வந்து கதவைத் திறந்தபோது அவள் முதுகு இருக்கையோடு ஒட்டியிருந்தது. மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். மூச்சு முட்டியதைவிட வேறொன்று அவளுக்குப் பெரிதாக இருந்தது. யாராவது வந்து திறந்தால்தான் வெளியே வர முடியும் என்பதை இவ்வளவு நாள் வேடிக்கை என்று நினைத்திருந்தோமே என்று இருந்தது. அன்றைக்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புதுக் கார் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம், கிளட்சோ ரேடியேட்டரோ எப்படியும் போகட்டும். அந்த லீவர் வேண்டும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுப் போன் அடித்தது. டாக்டர். ரேடியேட்டரில் மறுபடி ஒழுக்கு இருக்கிறது, ஒயரெல்லாம் தோல் உரிந்துபோய்க் கிடக்கிறது, ஒருநாள் பொறி பறந்தாலும் பறக்கும், சாரிடம் சொல்லியும் வண்டியைக் கொண்டுவரவில்லை என்று குறைபட்டார். அவள் கதவைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தச் சாமான் வந்து ஒரு மாசம் ஆச்சேம்மா" என்றார் டாக்டர். "சார்தான் இப்ப வேண்டாம்னுட்டாரு."

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்குக் கெட்டவரில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கைப்பிடியை எடுத்து மேஜையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழா முடியட்டும்" என்றார்.

"விழாவுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீயா திறந்து இறங்கினா, நான் சுத்தி வர்றதுக்குள்ள இறங்கிடுவே."

"இறங்கினா?"

"நல்லாவா இருக்கும்?"

கோபம்தான் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. இருபத்தைந்து வருஷமாகக் கூட இருக்கிற மனிதரைப் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உள்ள உக்காந்திருக்கறது நான்" என்றாள்.

"ஒரு வாரம்தானே. பரிசீலனையில..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு தெரு தள்ளி ஒரு வாடகை மண்டபத்தில். நடந்தே போய்விடலாம் என்றாள். இல்லறச் செம்மல் நடந்து வந்தால் எந்தக் கதவைத் திறப்பார்? காரில் போனார்கள். புதுச் சட்டை, புதுப் பேனா. வலது பக்கத் திருப்பங்களாகவே கணக்குப் போட்டுப் போனவர், கடைசித் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருப்பதைப் பார்த்தார். மண்டபத்தின் பின்சந்துக்குப் போக இருந்த ஒரே வழி இடது பக்கம். கனவான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

ஹாரன் அடித்தது. திருப்பி முடித்த பிறகும் அடித்தது. ஸ்டியரிங்கை நேராக்கினார், குத்தினார், கெஞ்சினார்; அது நிற்கவில்லை. பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அடுத்த கணம் அவள் காலருகே, டாஷ்போர்டுக்குக் கீழேயிருந்தும் வந்தது.

கனவான் காரை நிறுத்தினார். தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஓடினார்.

சந்தின் எதிர்ப்புறச் சுவர்வரை ஓடினார். அங்கே சுவர் இருந்ததால் நின்றார். இல்லையென்றால் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. திரும்பினார். முன்கண்ணாடிக்குப் பின்னால், புகைக்குள் அவள் முகம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. பழக்கத்தில் அவள் கை லீவர் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதங்களில் நாள் தவறாமல் அந்தக் காரைச் சுற்றி வந்த கால்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

அவள் தாவினாள். கியர் இடுப்பில் குத்தியது. ஹேண்ட் பிரேக்கில் துணி மாட்டிக் கிழிந்தது. மூட்டு என்ன சொன்னது என்று கேட்க நேரமில்லை. ஓட்டுநர் பக்கம் தலைகுப்புற விழுந்து, கையை ஊன்றி, இருமிக்கொண்டே தெருவில் உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் கனவான் வந்தார். வந்தவர் நேராக அவளிடம் வரவில்லை. முன்பக்கமாகச் சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருக்கை காலியாக இருந்தது.

எரியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. முன்னால் வந்தது ரேடியேட்டர் ஆவி. கீழே ஒரு ஒயர் மட்டும் கருகிப் புகைந்து, தானாகவே அடங்கிவிட்டது. ஹாரனும் நின்றது. ஆனால் அதற்குள் அந்தச் சத்தத்துக்கு மண்டபத்திலிருந்து பாதிப் பேர் சந்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் தலைவர். அவர்கள் கண்டது: புகை விடும் கார், தரையில் கிழிந்த துணியோடு மனைவி, கதவைப் பிடித்தபடி நிற்கும் கணவர். எந்தக் கதவு வழியாக யார் வெளியே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் ஓடிவந்து கனவானைக் கட்டிக்கொண்டார்.

கனவான் திறந்திருந்த கதவை மெல்ல மூடினார்.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாம் மாடிப் பெண் கையைத் துடைத்துவிட்டு, "அண்ணன் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், அக்கா" என்று அழுதாள். சந்திலிருந்து மண்டபத்துக்குள் போவதற்குள் ஆவி புகையானது, புகை நெருப்பானது. மேடை ஏறியபோது, தலைவரின் வாயில், கொழுந்துவிட்டெரியும் தீக்குள் பாய்ந்து துணைவியைத் தூக்கிவந்த செம்மலாகக் கனவான் நின்றார். ஈடு இணையற்ற என்ற சொற்களை வெட்டியதற்காகத் தலைவர் பொருளாளரை மேடையிலேயே முறைத்தார். கேடயம் கொடுக்கப்பட்டது. கனவான் அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். கேடயம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அதற்காகவே பிடித்ததுபோல இருந்தது.

காப்பாற்றப்பட்டவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. துடைத்தும் போகாத அழுக்குக் கையோடு மைக்கைப் பிடித்தாள்.

"அவர் இறங்கி ஓடிட்டார்" என்றாள். "நான் தாவி வெளிய வந்தேன்."

மண்டபம் சிரித்தது. என்ன அடக்கம், என்ன நகைச்சுவை, இப்படி ஒரு ஆபத்திலும் புருஷனைக் கேலி செய்ய எவ்வளவு அன்னியோன்யம் இருக்க வேண்டும் என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் நிற்கவே இல்லை. அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். மண்டபத்தில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். அவள் சொன்னதை நம்பியவரும் அவர் ஒருவர்தான்.

தலைவரின் காரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதை டீப்பாயில் வைத்தார், பிறகு அலமாரிமேல் வைத்தார், பிறகு முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அவள் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓடணும்னு நினைச்சு ஓடலை" என்றார். "கால் ஓடிடுச்சு."

"தெரியும்" என்றாள். "உங்க பக்கத்துக் கதவு திறக்கும்னு உங்க காலுக்குத் தெரியும்."

"அப்புறம் வந்தேன் இல்ல?"

அவள் தைலப் புட்டியை மூடினாள். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் புகார்களைக் கையாண்டவருக்கு, எது பரிசீலனைக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காரைப் பட்டறைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். மறுநாள் கிளினிக்கில் மதியம்வரை லீவு சொல்லிவிட்டு அவள் நேரே அங்கே போனாள். டாக்டர் பெருமூச்சு விட்டு, கொண்டுவர வேண்டிய நேரத்தில் என்று ஆரம்பித்து, ரேடியேட்டர், ஒயரிங், ஹாரன் என்று அடுக்கினார். முதலில் கதவு என்றாள் அவள்.

"சார் கிட்ட ஒரு வார்த்தை..."

"நான்தான் உள்ள உக்கார்றேன். நான் சொல்றேன்."

டாக்டர் மேல்தட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கதவின் உள் அட்டையைக் கழற்றி, கம்பியை மாட்டி, லீவரைப் பொருத்தினார். அவளுக்கென்று வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கேட்ட காசு கேடயத்தில் எழுத்துப் பொறிக்க ஆன கூலியைவிடக் குறைவு. அவள் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். லீவரை இழுத்தாள். திறந்தது. இறங்கினாள். மறுபடி ஏறிச் சாத்தினாள், இழுத்தாள், இறங்கினாள். இன்னும் சரிபார்க்கணுமாம்மா என்று டாக்டர் கேட்டார். போதும் என்றாள்.

வண்டி அந்த வார இறுதியில் வீடு வந்தது. இப்போது ஹாரன் வலது பக்கம் திருப்பினால் அடிக்கிறது. கதவு உள்ளிருந்து நன்றாகத் திறக்கிறது.

அவள் பஸ்ஸில் போகிறாள்.